மாமா பிடித்த காகிதம்

எங்கள் சித்தி ஹங்கேரியில் கச்சேரி செய்கிறவள். இதைச் சொன்னால் பெரம்பலூரில் முதலில் சிரிப்பார்கள், ஓசைக்காக நான் கட்டிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அப்புறம் வாய்ப்பாட்டா வீணையா என்று கேட்பார்கள். பியானோ என்றால், "ஓ, ஆர்மோனியமா" என்று தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் தாலுகா ஆபீஸையும் கச்சேரி என்றுதான் சொல்வார்கள். அங்கே கிளார்க்காக இருந்த என் அப்பா, "நானுந்தான் இருபது வருசமா கச்சேரிக்குப் போயிட்டு வரேன், ஒருத்தனும் கை தட்டினதில்ல" என்பார்.

சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. அவர்கள் வளர்ந்தது அரியலூரில், ஒரு சிமெண்டு ஆலையின் தொழிலாளர் குடியிருப்பில். தாத்தா அந்த ஆலையில் எலக்ட்ரீஷியன். ஒருநாள் ஆபீசர்களின் கிளப்பில் பல்பு மாற்றப் போனவர், ஆறு வயதுச் சித்தியையும் கையோடு கூட்டிப் போயிருக்கிறார். அவர் ஏணியில் ஏறி இறங்குவதற்குள் அவள் மூலையில் கிடந்த பியானோவைத் திறந்து, முந்தின நாள் சாமி ஊர்வலத்தில் கேட்ட நாதஸ்வரத்தை ஒற்றை விரலால் தேடிக்கொண்டிருந்தாளாம். இஞ்சினியர் ஒருவரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளையை அனுப்பச் சொல்லிவிட்டார்.

இரண்டே வருடத்தில் தாத்தா இறந்துபோனார். அதன் பிறகு சித்திக்கு எல்லாமே மாமாதான். மாமா அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஞாயிறு காலையில் தங்கையைச் சைக்கிளில் வைத்துக் கிளப்பில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவர் பொறுப்பு. பிறகு திருச்சியில் கான்வென்ட் ஹாஸ்டல், சென்னையில் படிப்பு, பரீட்சைக்கு மேல் பரீட்சை. எல்லாவற்றுக்கும் மாமாதான் கையெழுத்துப் போட்டார்.

அந்த மாமாவே ஒருநாள் அரும்பாவூரில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, தட்டு மாற்றுவதற்கும் நாள் குறித்துவிட்டார். அதற்கு ஒரு வாரம் முன்பு ஹங்கேரியிலிருந்து உதவித்தொகைக் கடிதம் வந்தது. சித்தி கடிதத்தையும் பார்த்தாள், மாப்பிள்ளை போட்டோவையும் பார்த்தாள். பிறகு விமானம் ஏறிவிட்டாள். மாமா மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்த் தலை குனிந்து நின்றுவிட்டு வந்தார். அன்றோடு பேச்சு நின்றது. அவர் தன் மனைவியின், அதாவது என் அத்தையின் ஊரான வேப்பந்தட்டைக்குக் குடிபோய்ச் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போட ஆரம்பித்துவிட்டார். எங்கள் வீட்டுக்குப் போன் பண்ணினால் தங்கையின் பேரைச் சொல்ல மாட்டார். "உங்க வூட்டுப் பியானோ நல்லாருக்கா?" என்பார். நல்லாருக்கு என்று அம்மா சொன்னதும் போனை வைத்துவிடுவார். நாலு வருடமும் இதே கதைதான்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் சித்தி ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வந்தாள். அரியலூர் கிளப்புக்கு அப்போது பொன்விழா. செயலாளர் எங்கள் வீடு தேடி வந்து, நம் ஊர்ப் பெண் ஒரு மணி நேரம் வாசித்தால் பெருமையாக இருக்கும் என்றார். சித்தி உடனே ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனைதான். "கிளப்பு கேட்ட முழுசாத் திறந்து வெச்சிருக்கணும் சார். யாரு வந்தாலும் எங்கேருந்து வரீங்கன்னு கேக்கக் கூடாது." அவர் தாராளமாக என்றார். கூட்டம் சேராதோ என்று சித்திக்குப் பயம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெரம்பலூர் முழுக்கத் தேடினாலும் ஒரு பியானோ கிடையாது. அதனால் சித்தி பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, பின்பக்கத்தில் கட்டைகளை வரைந்து, சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் வாசித்தாள். சத்தமே இல்லாத வாசிப்பு. விரல் மட்டும் ஓடும், தோள் ஆடும், சில இடங்களில் கண் மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டில் லப்பைக்குடிக்காட்டுக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. பாய் துபாயில் இருந்தார். அவர் மனைவி இரண்டு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தங்கச்சிக்கு ஓதின தண்ணி வாங்கித் தரட்டுமா? எங்க ஊரு ஹஜ்ரத்து கைராசிக்காரரு." அம்மாவுக்கு விளக்கிச் சொல்லவும் தெரியவில்லை, மறுக்கவும் மனமில்லை. ஓதின தண்ணீர் வந்தது. சித்தி மடமடவென்று குடித்துவிட்டு, விரல் இப்போது லேசாக ஓடுவதாகச் சொல்லி அனுப்பினாள்.

எனக்கு வேறொரு ஆசை. மேடையில் நானும் உட்கார வேண்டும். உட்கார்ந்து என்ன செய்வது என்றெல்லாம் யோசிக்கவில்லை. பட்டுப்பாவாடை இருந்தது, மேடை இருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் அடம் பிடித்தேன். அம்மா கையை ஓங்கினாள். சித்தி தடுத்து, "இவ இல்லாம நான் எப்படிக்கா வாசிக்கிறது? தாள் எடுக்க ஆளு வேணும்ல" என்றாள். மறுநாளே ஜெராக்ஸ் கடைக்குப் போய் இசைக்குறிப்பு நாலு தாள் எடுத்து வந்தாள். நான் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பெரிதாக எண் போட்டு வட்டம் போட்டேன்.

"நான் தலைய ஆட்டினா முன்னாடி இருக்குற தாள எடுத்துரு. அவ்வளவுதான்" என்றாள் சித்தி.

"சும்மா ஆட்டினா?"

"சும்மால்லாம் ஆட்ட மாட்டேன்."

அவளுடைய தலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பழகினேன். ஒரு வாரத்தில் நான் பலே கெட்டிக்காரியாகிவிட்டேன். அவள் கொசுவுக்குத் தலையை அசைத்தாலும் தாளை உருவிவிடுவேன்.

இதற்கிடையில் மாமாவை அழைக்கப் போனோம். வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு அம்மா, சித்தி, நான் மூவரும் வேப்பந்தட்டை பஸ்ஸில் போய் இறங்கினோம். நாங்கள் தெருமுனை திரும்பியதைப் பார்த்ததுமே மாமா கொல்லை வழியாக வயலுக்குப் போய்விட்டார். பூட்டாமல் விட்ட அவர் சைக்கிள் வாசலிலேயே நின்றது. அத்தை காப்பி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், நடுநடுவே வெளியே எட்டிப் பார்த்து முணுமுணுத்தார். இரண்டு மணி நேரம் சித்தி காத்திருந்தாள். கடைசியில் அத்தையே ஒருநடை வயலுக்குப் போய்ப் பதிலை வாங்கி வந்தார்.

"வருவாராம். ஆனா அந்தக் கிளப்பு வாசல்ல வெச்சு, உன் வாயால வாங்கண்ணேன்னு கேக்கணுமாம். கேட்டாத்தான் காலெடுத்து உள்ள வெப்பாராம். இல்லன்னா அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துருவாராம். அதுக்கப்புறம் தங்கச்சின்னு ஒருத்தி இல்லவே இல்லையாம்." அத்தை வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டார். "நாப்பது வயசுல மாப்ள முறுக்கு. என்னத்தச் சொல்ல."

எங்கள் பக்கத்தில் 'வாங்க' சாதாரணச் சொல் இல்லை. கல்யாண வீட்டில் பந்தியில் பாயசம் விட்டுப்போனால்கூட மறப்பார்கள். வாசலில் வாங்கன்னு கேட்கவில்லை என்றால் பேரன் காலம் வரைக்கும் பேச்சு இருக்காது. அப்படிப் பிரிந்த பங்காளிகள் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு. ஆகவே மாமா கேட்டது எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டு வாசல், அவர் வீட்டு வாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளப்பு வாசலைக் கேட்டதுதான் வீம்பாகப் பட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "கேக்குறேன்க்கா" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

கச்சேரியன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே சித்தி பட்டுப்புடவையோடு கிளப்பு கேட்டில் போய் நின்றுகொண்டாள். பெரம்பலூர் பஸ் ஒவ்வொன்றாக வந்தது. வந்தவர்களையெல்லாம் வாங்க வாங்க என்று அழைத்தாள். ஆலைத் தொழிலாளர்கள் வந்தார்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். மாமாவைத் தவிர எல்லோரும் வந்தார்கள். ஆறு அடித்தது. செயலாளர் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"நீ போடி, நான் நிக்கிறேன்" என்றாள் அம்மா.

"என் வாயால கேக்கணும்னுல்ல சொல்லிருக்கு அண்ணன்" என்றாள் சித்தி. அப்போது அவள் கண் கலங்கியிருந்தது. மேடைக்குப் போனதும் ஆட்களைக் கூப்பிட்டு, பியானோவை அவள் முகம் ஹால் வாசலைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போடச் சொன்னாள். திருச்சியிலிருந்து வந்து இரண்டு நாள் பியானோவைச் சரிசெய்திருந்த ஆள், இப்படி இழுத்தால் மறுபடி சுருதி போய்விடும் என்று தலையில் அடித்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை.

வாசிக்க ஆரம்பித்தாள். காலண்டர் தாளில் நான் பார்த்த விரல்களெல்லாம் அன்றுதான் சத்தம் போட்டன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் நான் வேலையில் கண்ணாக இருந்தேன். முதல் தாளுக்குத் தலை ஆடியது, எடுத்தேன். இரண்டாம் தாள் பாதி ஓடியிருக்கும். ஹால் வாசலில் மாமா.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஒரு வெங்காயப் பை. கேட்டில் வாங்க என்று கேட்க ஆளில்லாமல் ஹால் வாசல் வரைக்கும் வந்துவிட்டவர், அதற்கு மேல் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு மேடையைப் பார்த்தார். செயலாளர் அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சித்தியும் பார்த்துவிட்டாள். இரண்டு கையும் கட்டைகளின் மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிறுத்த முடியாது, கும்பிட முடியாது, கூப்பிட்டாலும் கேட்காது. நாலு வருடமாகப் பேசாத அண்ணன், அடுத்த பஸ்ஸுக்குப் போகத் தயாராக வாசலில் நிற்கிறார். சித்தி முகமெல்லாம் சிரித்து, நன்றாகக் குனிந்து ஒரு தலையாட்டு ஆட்டினாள். உதடு என்னவோ சொல்லிற்று.

நான் உதட்டையா பார்த்தேன்? தலையைத்தான் பார்த்தேன். இரண்டாம் தாளை உருவிவிட்டேன்.

மாமா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். பையோடு உள்ளே வந்து, முதல் வரிசையில் அம்மா எழுந்து கொடுத்த நாற்காலியில் உட்காரப் போனார். அதே நேரம் சித்தி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். தப்பு செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. உருவின தாளைத் திரும்ப வைக்கப் போனேன். பக்கத்தில் கருமம் பிடித்த ஒரு பெடஸ்டல் ஃபேன், அது சரியாக அந்தச் சமயம் பார்த்து எங்கள் பக்கம் திரும்பியது. மூன்றாம் தாளும் நான்காம் தாளும் பியானோவுக்குப் பின்னால் போய் விழுந்தன. என் கையிலிருந்த இரண்டாம் தாள் பறந்துபோய் மாமாவின் காலடியில் விழுந்தது.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். ஹங்கேரியில் பேர் வாங்கிய சித்தி அரியலூரில் மாட்டிக்கொண்டாள், அதுவும் என்னால்.

மாமா உட்காரவில்லை. தாளை எடுத்தார். பின்னாலிருந்து யாரோ, "உக்காருங்கய்யா, மறைக்குது" என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு மேடையேறி வந்தார். தாளைப் பியானோ மேல் வைத்து, ஃபேன் காற்றுக்குப் பறக்காமல் நடுவில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாமிக்குக் குடை பிடிக்கிறவர் போல விறைப்பாக நின்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். என் சிவப்பு எண் தாளின் அடியில், தலைகீழாகக் கிடந்தது.

சொல்லலாமா? நாலு வருடம் கழித்து வந்திருக்கும் மாமாவிடம், ஊரே பார்க்க, தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று யார் சொல்வது? சித்தியைப் பார்த்தேன். அவள் தாளைப் பார்த்தாள், அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தாள். அவள் கண் வரிவரியாக இடமிருந்து வலமாக ஓடுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மீதி இரண்டு தாள் பாட்டும் அந்த ஒரே தலைகீழ்த் தாளிலிருந்தே வந்தது. எங்கும் தட்டவில்லை, தடுமாறவில்லை. மாமா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

முடிந்ததும் கூட்டம் கை தட்டியது. மாமா விரலை எடுக்கவில்லை.

"போதும்ண்ணே. முடிஞ்சிருச்சு" என்றாள் சித்தி. நாலு வருடத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

மாமா தாளைப் பார்த்தபடியே, "எனக்கொண்ணும் கை வலிக்கல. இன்னும் இருந்தா வாசி" என்றார்.

சித்தி இன்னும் மூன்று பாட்டு வாசித்தாள். மூன்றையும் அதே தாளைப் பார்த்துத்தான் வாசித்தாள். அன்று எல்லோரும் ஒன்றாகப் பெரம்பலூர் பஸ்ஸில் திரும்பினோம். வெங்காயப் பையைச் சித்தி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு அந்தத் தலைகீழ் வித்தை பெரிய அதிசயமாகிவிட்டது. வெளிநாட்டுப் படிப்பு என்றால் அதுதான் என்று முடிவு கட்டினேன். ஒரே தாளை நேராக ஒரு பாட்டு, கவிழ்த்து இன்னொரு பாட்டு என்று வாசிக்கச் சொல்லித் தருகிறார்கள் போலிருக்கிறது. நானும் தமிழ்ப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பழகினேன். வகுப்பில் டீச்சர் பிடித்து, புத்தகத்தை நேராக்கி, முதுகில் ஒன்று வைத்தார். நான் விடவில்லை. அந்தப் பழக்கம் வீண்போகவும் இல்லை. இன்றைக்கும் என் ஆபீஸில் மேனேஜர் மேஜைக்கு எதிரில் நின்றபடியே யாருக்கு டிரான்ஸ்ஃபர் என்று படித்துச் சொல்லிவிடுவேன்.

மாமா அந்தக் கச்சேரியைப் பல வருடம் பேசினார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "அன்னிக்கு நான் மட்டும் புடிக்கலன்னா அதோட கச்சேரி நின்னுருக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார். சித்தி பக்கத்தில் இருந்தால், "ஆமாண்ணே" என்பாள்.

நாலு வருடம் கழித்துச் சென்னையில் ஒரு பெரிய அரங்கில் சித்தி வாசித்தாள். அதற்குள் அவள் ஏழெட்டு நாடுகளில் வாசித்திருந்தாள். குடும்பத்தோடு போனோம், மாமாவுக்கு முதல் வரிசை. திரை விலகியதும் மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பாப்பா, பேப்பரக் காணோம். மறந்துட்டானுவோ. ஓடிப்போய்ச் சொல்லு."

கறுப்புப் பியானோ பளபளவென்று நின்றது. தாள் இல்லை, தாள் எடுக்கிற ஆளும் இல்லை. சித்தி வந்து சபைக்கு வணங்கினாள். பிறகு முதல் வரிசைப் பக்கம் திரும்பி, "வாங்கண்ணே" என்று உதட்டசைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் கண் எங்கும் போகாமல் வாசித்தாள். மாமா முதல் பத்து நிமிடம் நாற்காலி நுனியில் இருந்தார். பிறகு சாய்ந்துகொண்டு, "நம்ம அன்னிக்குப் புடிச்சிக் குடுத்ததுல மனசுலயே நின்னுருச்சு பாரு" என்றார்.

எனக்கு அப்போது பதினாலு வயது. காது சூடாகிவிட்டது. கச்சேரி முடிந்ததும் சித்தியைத் தனியாகப் பிடித்தேன்.

"அன்னிக்கும் உனக்குத் தாள் வேண்டியதில்லதானே?"

"நீதானே மேடையில உக்காரணும்னு பட்டினி கெடந்த" என்று சிரித்தாள்.

"மாமா தலைகீழாப் புடிச்சது? அத ஏன் சித்தி பாத்துப் பாத்து வாசிச்ச?"

சித்தி மாமா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழமை என்னயச் சைக்கிள்ல கொண்டாந்து விடும்ல அண்ணன். நான் உள்ள போயிருவேன். தொழிலாளி வூட்டு ஆளுன்னு அண்ணன வாட்ச்மேன் உள்ள விட மாட்டாரு. வெயிலு, மழை, கேட்டுக்கு வெளியிலயே சைக்கிளப் புடிச்சிக்கிட்டு நிக்கும். ஒம்பது வருசம்டி. ஒருத்தரும் அண்ணனப் பாத்து உள்ள வாங்கன்னு சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல. எனக்கு அப்பத் தோணவே இல்ல."

தூரத்தில் மாமா யாரிடமோ கட்டைவிரலை நீட்டி, தாளை எப்படிப் பிடித்தேன் என்று காட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்பில் நான் சித்தியின் தலையாட்டை மட்டும் பார்த்தேன், காகிதத்தை மட்டும் பார்த்தேன். மாமா அந்த வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்ததையும் பார்த்தேன். கிளப்பில் யாரும் செருப்பைக் கழற்றவில்லையே, மாமாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அன்றைக்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.